நாற்பதைத் தாண்டித் திரும்பப் படிக்க வெளிக்கிட்டால், பாடமாக்க எந்த வழி?

கச்சேரிக் கதிரை

வணக்கம். வயது நாற்பத்திரண்டு, இரண்டு பிள்ளைகள், யாழ்ப்பாணத்தில் அரச கந்தோர் ஒன்றில் வேலை. அரச வேலையில் சம்பளப் படியேற எழுதவேண்டிய தடைதாண்டல் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையும், அரச காசைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணமும்தான் தலையிடி. வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது. மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் நிதிப் பிரமாணம் 104 என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டால் தொண்டைக்குள்ளேயே நிற்கிறது, வெளியே வருவதில்லை.

ஏ.எல் படித்த காலத்தில் வளவுக்குள் நடந்து நடந்து சத்தமாய் வாசித்தே பாடமாக்கினேன். கந்தோரில் ஒரு தம்பி அன்கி என்ற செயலியைப் போனில் போடச் சொல்கிறார். தங்கச்சி யூடியூப்பில் எதையோ பார்த்துவிட்டு, மனத்துக்குள் ஒரு வீட்டை நினைத்து அறை அறையாய்ப் பாடத்தை வைக்கலாம் என்கிறாள். மூன்றையும் ஒன்றாய்ச் செய்ய எனக்கு நேரம் இல்லை. விடிய நாலரையிலிருந்து சமையல் தொடங்கும் வரைக்கும் கொஞ்சம், பிறகு சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் நேரம், அவ்வளவுதான். இரவு ஒன்பதுக்குப் பிறகு ஒன்றும் ஏறாது.

பெரிய வயதில் திரும்பப் படித்தவர்கள் சொல்லுங்கள். ‘மனத்தை ஒருமுகப்படுத்துங்கள்’ வகை ஆலோசனை வேண்டாம். அது ரியூட்டரி மதிலிலேயே எழுதியிருக்கிறது.

கோண்டாவில் கணினி

அக்கா, கந்தோர்த் தம்பி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அன்கியையே போடுங்கள். அன்ட்ரொயிட் போனுக்கும் கணினிக்கும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு.

அதன் அடிப்படை பழையது. 1885இல் ஜேர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பவர் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்தார். மறதி முதல் சில மணித்தியாலங்களில்தான் செங்குத்தாய் இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது. மறக்கப்போகும் நேரத்தில் ஒருமுறை நினைவுபடுத்தினால் அடுத்த முறை மறக்க இன்னும் நாள் எடுக்கும். அந்த நாட்களைக் கணக்குப் பார்க்கும் வேலையைத்தான் செயலி செய்கிறது. அதிலுள்ள வினாவிடை அட்டையைக் ‘காட்’ என்போம்: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. விடையைப் பார்த்த பிறகு ‘திரும்ப’, ‘கஷ்டம்’, ‘நல்லது’, ‘சுகம்’ என்று நாலில் ஒன்றை அமத்த வேண்டும். சுகம் என்றால் அந்தக் காட் பல நாள் கழித்துத்தான் வரும்.

ஒரு காட்டில் ஒரு விடயம் மட்டும். 104ஐ முழுதாய் ஒரே காட்டில் எழுதினால் ஒருநாளும் சரிவராது. ‘நட்டம் ஏற்பட்டால் ஆரம்ப அறிக்கை எதன் கீழ்?’ 104(3). ‘முழு அறிக்கை?’ 104(4). ‘நட்டத்தைப் பதிவழிப்பது?’ 109. இப்படி உடைத்துப் போடுங்கள். பஸ்ஸுக்குள் செய்வதற்கு இதைவிட நல்லது கிடையாது.

சட்டக்கொப்பி

தம்பி சொன்னதில் பிழை இல்லை. ஆனால் குடும்பக்காரருக்கு அன்கியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதைச் சொல்லவில்லை. நாலு நாள் தொடாமல் விட்டால் வரவேண்டிய காட் எல்லாம் சேர்ந்து குவிந்துவிடும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள், நடுவில் ஒரு சாமத்தியவீடு, ஒரு செத்தவீடு. திரும்பிவந்து போனைத் திறந்தால் முந்நூற்றுச் சொச்சம் காத்திருக்கும். அதைப் பார்த்தே பலர் கைவிட்டார்கள். செயலியில் புதிய காட் நாளுக்கு இருபது என்றுதான் முதலில் வரும். வேலைக்குப் போகிறவர் அதை ஐந்தாகவோ ஆறாகவோ குறைக்காமல் தொடங்கவே கூடாது.

நான் கடதாசிக்காரன். 1972இல் செபஸ்தியான் லைட்னர் என்ற ஜேர்மன்காரர் எழுதிய பெட்டி முறை. சப்பாத்துப் பெட்டி ஒன்றை மட்டையால் ஐந்தாய்ப் பிரித்திருக்கிறேன். முதல் தட்டு ஒவ்வொரு நாளும், இரண்டாவது ஒன்றுவிட்ட நாள், மூன்றாவது வாரம் ஒருமுறை, அப்படியே போகும். விடை சரியென்றால் அடுத்த தட்டுக்கு ஏறும், பிழையென்றால் எந்தத் தட்டில் இருந்தாலும் முதலாவதுக்கே இறங்கும். பெட்டி யாருக்கும் அறிவித்தல் அனுப்பாது. செத்தவீட்டுக்குப் போய்வந்து விட்ட இடத்திலிருந்து எடுக்கலாம்.

நான் படிப்பது சட்டம். இங்கே வயது கைகொடுத்த இடம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) மூன்றையும் இருபது வயதுப் பொடியன்கள் வரைவிலக்கணமாய் வைத்து மாரடிக்கிறார்கள். எனக்கு அதைப் பாடமாக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் காணிப் பிரச்சினை இல்லாத வீடு எது? பெரியம்மாவின் வீட்டு வழக்கு முழுக்கத் தேடியதேட்டம்தான். சட்டத்துக்கு முன்பே கதை தலைக்குள் இருந்தது, பெயரை மட்டும் அதில் ஒட்டினேன்.

ஆண்டுகள்தான் கரைச்சல். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்தது, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி, 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், 1947இல் அதற்குத் திருத்தமாய் 58, விற்கும் காணியைப் பங்காளிகள் முதலில் வாங்கும் முன்கொள்ளல் உரிமைக்கு 59. இவற்றுக்குத்தான் பெட்டி. அதிலும் 58, 59 இரண்டும் அடுத்தடுத்த இலக்கம், ஒரே ஆண்டு. அந்த இரண்டையும் ஒரே காட்டில் சோடியாய் வைத்திருக்கிறேன், தம்பி மன்னிக்க வேண்டும்.

கோண்டாவில் கணினி

சோடி பரவாயில்லை அண்ணா. ஆனால் சப்பாத்துப் பெட்டியை மினிபஸ்ஸுக்குள் எப்படித் திறக்கிறது?

சட்டக்கொப்பி

முதல் தட்டை மட்டும் றப்பர் போட்டுப் பொக்கற்றில் வைக்கிறது.

பென்சன் மாஸ்ரர்

பிள்ளைகள் எல்லோரும் ஜேர்மன்காரரைப் பற்றியே கதைக்கிறீர்கள். சரி, கதையுங்கள். இந்த மண்ணில் பாடமாக்குவது எப்படி இருந்தது என்பதையும் கொஞ்சம் கேட்கலாம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏடும் எழுத்தாணியும் அரிது. எனவே பாடம் தலைக்குள் இருக்க வேண்டும், அதற்கேற்ற மாதிரியே பாடத்தைச் செய்தார்கள். ஆத்திசூடி அகரவரிசையில் போகிறது, ஒரு வரியை மறந்தால் எந்த எழுத்தில் மறந்தோம் என்று தெரியும். அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டை இழுத்துக்கொண்டு வரும். நிகண்டுகளும் செய்யுளாகவே இருந்தன, அகராதியையே பாடமாக்கினார்கள். எதுகையும் மோனையும் காதுக்கு அழகு என்று மட்டும் நினைக்கக் கூடாது. ‘கற்க’ என்று தொடங்கினால் அடுத்த சீர் க-வில்தான் வரும் என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். எங்கள் புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி என்று பெயரெடுத்தவர். ஒரே இருப்பில் பலர் கேட்பதையெல்லாம் மனத்தில் வாங்கி, திருப்பிச் சொல்லும் வித்தை அது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், மகள். வளவுக்குள் நடந்து சத்தமாய் வாசித்ததால் பாடமானது என்கிறீர்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வாசித்த பிறகு அம்மாவிடமோ அக்காவிடமோ கொப்பியைக் கொடுத்து ஒப்புவித்திருப்பீர்கள். அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டீர்கள். பழைய பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை உட்கார்ந்து வாசிப்பைக் கேட்கவில்லை, ஏட்டை வாங்கி வைத்துவிட்டுச் சொல்லச் சொன்னார். இப்போது உங்களுக்கு வாசிப்பு இருக்கிறது, ஒப்புவிக்க ஆளில்லை.

விதிக்கோவைக்கு ஒரு வாய்ப்பாடு செய்து தருகிறேன், இலக்கணம் பார்க்க வேண்டாம்:

லீவுக்குப் பன்னிரண்டு,
போய்வரப் பதினாலு,
கடனுக்கு இருபத்துநாலு,
கட்டொழுங்குக்கு நாற்பத்தெட்டு.

அத்தியாய இலக்கம் இவ்வளவும் பஸ் இறங்குவதற்குள் வரும்.

கச்சேரிக் கதிரை

மாஸ்ரர், அக்காவிடம் ஒப்புவித்தது உண்மைதான். அவள் ஒரு சொல் பிழைத்தாலும் கொப்பியைத் தூக்கிப் போட்டுவிடுவாள்.

‘கட்டொழுங்குக்கு நாற்பத்தெட்டு’ நேற்று முழுக்க வாயில் ஓடியது. கந்தோரில் பக்கத்து மேசைக்காரரும் பாடத் தொடங்கிவிட்டார்.

மணிபல்லவம்

ஒப்புவிப்பதெல்லாம் சரி. கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லி, பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் முழிக்கிற கூட்டத்தை உருவாக்கியதும் அதே முறைதானே? நானும் யாழ்ப்பாணத்தில்தான் படித்தேன். உயிரியல் விளக்கத்தை முற்றுப்புள்ளி உட்பட எழுதுவோம், தவளையை வெட்டினால் எது ஈரல் என்று தெரியாது.

பென்சன் மாஸ்ரர்

தவளையை நான் வெட்டச் சொல்லவில்லை, தம்பி. கோபம் வேண்டாம். விளங்கிய பிறகு ஒப்புவிக்க வேண்டும், விளங்காமல் ஒப்புவிக்கக் கூடாது. அந்த வரிசை மாறினால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். இங்கே அக்கா முதலிலேயே எழுதியிருக்கிறார், வாசிக்கும்போது விளங்குகிறது என்று. அவருக்கு வரவேண்டியது அடுத்த படி.

சோக்குக்கட்டி

மாஸ்ரர் அனுபவத்தில் சொன்னதை ஆராய்ச்சியிலும் பார்த்திருக்கிறார்கள். நான் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தபோது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது, ஆகவே எண்களோடு எழுதுகிறேன்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நாலு தடவையும் வாசித்தது. இன்னொரு குழு ஒருதடவை வாசித்துவிட்டு, பிறகு மூன்று தடவை தாளைப் பார்க்காமல் நினைவில் வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுதான் மேலே: நூற்றுக்கு 83, எழுதிய குழு 71. ஒரு கிழமை கழித்துத் திரும்பச் சோதித்தார்கள். வாசித்தவர்கள் 40க்கு விழுந்துவிட்டார்கள், எழுதியவர்கள் 61இல் நின்றார்கள்.

இன்னொரு விடயம். எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நாலு தடவை வாசித்தவர்கள். வாசிக்க வாசிக்க வரி பழகிவிடுகிறது, பழகியதைத் தெரிந்ததாய் நினைக்கிறோம். ‘வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது’ என்று அக்கா எழுதிய வரியைப் பார்த்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

2013இல் டன்லொஸ்கியும் மற்றவர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து ஒப்பிட்டார்கள். மேல்வரிசையில் இரண்டே இரண்டு: தன்னைத்தானே சோதிப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது. திரும்பத் திரும்ப வாசிப்பதும் மஞ்சள் பேனையால் கோடிழுப்பதும் கீழ்வரிசையில். நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் புத்தகத்தைத் திறந்தால் கோடு இழுக்காத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனவே அன்கியா சப்பாத்துப் பெட்டியா என்பது பெரிய சண்டை இல்லை. இரண்டிலும் விடையைப் பார்ப்பதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும், அல்லது எழுத வேண்டும். பெரும்பாலானோர் கேள்வியைப் பார்த்து ‘ஓம் ஓம் தெரியும்’ என்று உடனே பின்பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் செயலியும் வாசிப்புத்தான்.

இரவு வேலை

தாதி. வேலைக்கு வந்து பல வருடம் கழித்துப் பட்டப்படிப்புக்குப் போனேன். தங்கச்சி சொன்ன ‘மனத்துக்குள் வீடு’ பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அது கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் பெயரில் வரும் கதை. விருந்து மண்டபம் இடிந்து விழுந்தபோது யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்ற நினைவை வைத்தே உடல்களை அடையாளம் காட்டினாராம். இடம் நினைவிருந்தால் ஆளும் நினைவுக்கு வரும் என்பதுதான் அதன் கரு. புது மாளிகை ஒன்றும் கட்டத் தேவையில்லை, அம்மா வீடு போதும்.

மூளையிலிருந்து வரும் பன்னிரண்டு நரம்புகளையும் வரிசை பிசகாமல் சொல்ல வேண்டியிருந்தது. படலையில் மல்லிகைப் பந்தல், வாசம் தூக்குகிறது: முதலாவது, மணத்துக்கான நரம்பு. முற்றத்து லைற் கண்ணில் அடிக்கிறது: இரண்டாவது, பார்வை. விறாந்தையில் அப்பா தாடையைச் சொறிந்துகொண்டு வெற்றிலை மெல்லுகிறார்: ஐந்தாவது, முகத்தின் தொடுகையும் மெல்லும் தசையும். நிலைக்கண்ணாடியில் தங்கை முகத்தைக் கோணுகிறாள்: ஏழாவது. கிணற்றடியில் வாளி தொம்மென்று விழுகிறது, எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது: எட்டாவது, கேட்டலும் சமநிலையும். குசினியில் அடுப்புப் புகை தொண்டையால் இறங்கி நெஞ்சு, வயிறு என்று போய்க்கொண்டே இருக்கிறது: பத்தாவது, வேகஸ். படம் கோமாளித்தனமாய் இருக்க இருக்க நல்லாய் நிற்கும். இரவு வேலையில் வார்ட் அடங்கிய நேரம் கண்ணை மூடாமலே படலையிலிருந்து குசினி வரைக்கும் போய்வருவேன்.

ஆனால் அது வரிசைக்குத்தான். நோயாளிக்கு விழுங்க முடியவில்லை, குரல் கரகரக்கிறது, எந்த நரம்பைச் சந்தேகிப்பாய் என்று கேட்டால் வீடு உதவாது. அதற்கு வார்ட்டில் கண்ட ஆட்கள்தான் உதவினார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பட்டியலை வைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தும் போகும். நிதிப் பிரமாணம் முழுவதையும் வீட்டுக்குள் ஏற்றலாம் என்று வெளிக்கிட வேண்டாம் அக்கா. படிமுறையாய் எழுதச் சொல்லும் கேள்வி நாலைந்து இருக்கும், அவற்றுக்கு மட்டும் வையுங்கள்.

இன்னொன்று: நித்திரை. இரவு வேலை முடித்து வந்து நித்திரை கொள்ளாமல் படித்தது எதுவும் நிற்கவில்லை. நாலரைக்கு எழும்ப வேண்டுமென்றால் ஒன்பதரைக்கே படுங்கள்.

மணிபல்லவம்

இந்தக் கோமாளிப் படத்தை நான் சிங்களத்துக்குப் பாவித்தேன். அரச வேலைக்காரருக்கு இரண்டாம் மொழி கட்டாயம் என்று வந்ததே, அதற்காக. கதிரைக்குச் சிங்களத்தில் புட்டுவ. சுளகு நிறையச் சுடச்சுடப் புட்டைக் கதிரையில் கொட்டி வைத்திருக்கிறது, அதில் அதிபர் வந்து உட்காருகிறார். ஒருமுறை நினைத்தால் போதும். 1975இல் அட்கின்சன், ரா என்ற இருவர் இதே வழியில் ரஷ்யச் சொற்களைப் படிப்பித்து நல்ல பலன் கண்டார்கள்.

ஆனால் வாயால் கதைக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் புட்டைக் கொட்டிக்கொண்டிருந்தால் எதிரில் நிற்பவர் போய்விடுவார். முதல் பிடிக்கு மட்டும்தான் அது. பிறகு கொழும்புக்காரர் ஒருவரோடு தினமும் கதைத்ததால்தான் வந்தது.

சோக்குக்கட்டி

அதே 2013 ஒப்பீட்டில் அந்த முறைக்கும் கீழ்வரிசைதான் கிடைத்தது. சொல்லுக்குச் சொல் படம் கிடைப்பதில்லை, நாள் போனால் நிற்பதும் குறைவு. ஆனால் புட்டுவ எனக்கும் இனி மறக்காது, அதற்கு உங்களைத்தான் திட்ட வேண்டும்.

கச்சேரிக் கதிரை

எல்லாவற்றையும் வாசித்துவிட்டுக் கொஞ்ச நாள் செய்து பார்த்தேன். பிறருக்கும் உதவலாம் என்று விபரமாய் எழுதுகிறேன்.

சட்டக்கொப்பி அண்ணா தேசவழமை பற்றி எழுதியதுதான் எனக்குத் திருப்பம். நானும் நாள் முழுக்க விதிக்கோவைக்குள்தான் வேலை செய்கிறேன், ஆனால் கந்தோரை வேறாகவும் படிப்பை வேறாகவும் வைத்திருந்தேன். இப்போது மேசைக்கு ஒரு பைல் வந்தால் திறப்பதற்கு முன் மனத்துக்குள் ஒரு கேள்வி: இது எதன் கீழ்? லீவுக் கடிதம் என்றால் 12ஆம் அத்தியாயம், பிரயாணச் செலவுப் படிவம் 14, அனர்த்தக் கடன் விண்ணப்பம் 24. ஒரு தலைப்பில் மீந்த காசை இன்னொன்றுக்கு மாற்றக் கேட்டால் நிதிப் பிரமாணம் 66, ஒரு வேலைக்காகக் கையில் கொடுக்கும் முற்பணத்துக்கு 371, ஆண்டு முடிவில் கதிரை மேசை எண்ண வந்தால் 756. சொல்லிவிட்டுத்தான் பைலைத் திறப்பது. பிழைத்தால் ஒரு துண்டில் எழுதிப் பையில் போடுவது. பஸ்ஸில் அந்தத் துண்டுகளை மட்டும் பார்ப்பது. வேலை நேரத்தைத் திருடவில்லை, பைல் எப்படியும் வந்துதான் தீரும்.

104 இப்போது வருகிறது. கந்தோர் வாகனம் ஒன்று மதிலில் இடிபட்டு அந்தப் பைல் என்னிடம் வந்தது. ஆரம்ப அறிக்கை எங்கே, முழு அறிக்கை எங்கே, யாரிடமிருந்து அறவிடுவது என்று ஒவ்வொரு தாளாய்ப் புரட்டினேன். அந்த ஒரு பைலில் படித்தது புத்தகத்தில் ஒருநாளும் ஏறவில்லை.

என் மேசைக்கு வராத பகுதிகள்தான் கரைச்சல். ஒழுக்காற்று நடவடிக்கை எங்கள் கிளைக்கு வருவதில்லை. அதன் படிமுறைக்கு இரவு வேலை அக்காவின் வழியில் எங்கள் வீட்டைப் பாவித்தேன். படலையில் முறைப்பாட்டோடு ஒருவர் நிற்கிறார், விறாந்தையில் ஆரம்ப விசாரணை, மண்டபத்தில் குற்றப்பத்திரம் வாசிக்கிறார்கள், சாப்பாட்டு மேசையில் எதிராளியின் பதில், சாமியறையில் முறையான விசாரணை. சாமியறையில் பொய் சொல்ல ஏலாது என்று நினைத்துக்கொண்டேன். வரிசை பிழைக்கவில்லை.

ஒப்புவிக்கிறதுக்கு ஓ.எல் எடுக்கும் மகளைப் பிடித்திருக்கிறேன். நான் அவளிடம் வரலாறு கேட்பேன், அவள் என்னிடம் விதிக்கோவை கேட்பாள். அக்காவைவிட மோசம்.

அன்கியை ஏற்றிப் பார்த்தேன் தம்பி. தமிழில் தட்டுவதற்கே விடியற்காலை போய்விடுகிறது. துண்டுக் கடதாசி எனக்குப் போதும்.

கோண்டாவில் கணினி

தட்டத் தேவையில்லை அக்கா. நானே ஒருவருக்காக நிதிப் பிரமாணம் முழுவதையும் காட் போட்டு வைத்திருக்கிறேன், அந்தக் கோப்பை அனுப்பினால் ஒரு நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.

சட்டக்கொப்பி

வேண்டாம் அக்கா, வாங்காதீர்கள். எதைக் கேள்வியாக்குவது, எங்கே உடைப்பது என்று யோசிக்கிற நேரத்தில்தான் பாதி ஏறுகிறது. மற்றவர் செய்த காட்டில் அவருடைய மறதிதான் இருக்கும், உங்களுடையது இருக்காது.

கச்சேரிக் கதிரை

அண்ணா சொல்வது சரிபோலத்தான் இருக்கிறது. துண்டோடேயே போகிறேன்.

மணிபல்லவம்

தம்பி, அக்காவுக்கு வேண்டாமென்றால் எனக்கு அனுப்புங்கள். எனக்கும் அதே சோதினைதான்.